மூச்சு விடக்கூடாது

விலைவாசி ஏறியது, கட்டடங்கள் ஏறின, பேருந்தில் கூட்டம் ஏறியது. பெண்களின் இடுப்பு மட்டும் அறுபது வருடமாக இருபத்துநாலு அங்குலத்தை விட்டு நகரவில்லை என்று ஓர் அலுவலகம் சாதித்து வந்தது. மகளிர் சீருடை அளவு வாரியம் என்று அதற்குப் பெயர். அரசுச் சம்பளம் வாங்கும் பெண், நர்ஸோ, தபால் பிரிப்பவளோ, பேருந்துக் கண்டக்டரோ, யாராக இருந்தாலும் அவள் போடும் கோட்டை எந்த அளவில் தைக்க வேண்டும் என்று சொல்வது இந்த வாரியம்தான்.

கோட்டின் வடிவம் அறுபது வருடத்துக்கு முந்தியது. அந்தக் காலத்துப் பத்திரிகை அட்டைகளில் பெண்கள் மேலே அகலமாகவும் கீழே அகலமாகவும் நடுவில் ஏறக்குறைய இல்லாமலும் நின்றார்கள். அந்த நடுவை உண்டாக்குவதற்கென்றே கோட்டுக்குள்ளே கச்சை என்று ஒன்று இருந்தது. முரட்டுத் துணியில் வரிசையாகக் கொக்கி வைத்தது. ஒருத்தி மூச்சை இழுத்துப் பிடிக்க, இன்னொருத்தி அவள் முதுகில் முழங்காலை ஊன்றிக் கொக்கியை மாட்ட வேண்டும். பிறகு ஒரு காலத்தில் பெண்கள் கச்சையைக் கழற்றி எறிந்தார்கள். மூன்று வேளை சாப்பிடவும் ஆரம்பித்தார்கள். இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் இடுப்பு வந்தது.

பெண்ணுக்கு இடுப்பே இல்லை என்று புலவர்கள் புகழ்ந்து தள்ளிய மொழி நம்முடையது. புலவர் சொன்னால் அது பாட்டு. வாரியம் அதைத் தணிக்கை அறிக்கையாக எடுத்துக்கொண்டது. இடுப்பு வளர்ந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ள அதற்கு மானம் இடம் கொடுக்கவில்லை. பொத்தான் போட முடியவில்லை என்று நாலாபக்கமும் இருந்து வந்த முனகலைக் காதில் வாங்காமலும் இருக்க முடியவில்லை. ஆகவே வாரியம் ஒரு காரியம் செய்தது. அங்குலத்தை நீட்டியது.

கேட்கச் சிரிப்பாக இருக்கும். பத்து வருடத்துக்கு ஒரு முறை தையல்கூடங்களுக்குப் புது அளவு நாடா வரும். இருபத்துநாலு என்ற எண் நாடாவில் அப்படியே இருக்கும். எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவில் இருக்கும் இடம் மட்டும் சத்தமில்லாமல் அகலமாகியிருக்கும். கோட்டும் அதற்கேற்பப் பெரிதாகும். பொய்தான், ஆனால் அந்தப் பொய்யில் பொத்தான் விழுந்தது. இதில் நான் குறை சொல்ல மாட்டேன். வாரியம் மனிதத்தன்மையோடு செய்த ஒரே காரியம் இதுதான், அதையும் திருட்டுத்தனமாகத்தான் செய்தது.

பெண்களின் கெட்ட நேரம், நேர்மையான ஒருவர் வாரியத்தின் தலைவராக வந்து சேர்ந்தார். வந்த வாரமே பழைய மரக்கோல் ஒன்றை எடுத்து வாரிய நாடாவின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பார்த்தவருக்குத் தலை சுற்றியது. நாட்டின் பெண்கள் ஒவ்வொருத்தியும் பல அங்குலம் பொய் சொல்லிக்கொண்டு திரிகிறாள் என்று கண்ணீர் மல்கப் பேசினார். நீட்டிய நாடாக்கள் எல்லாம் ஒரே நாளில் திரும்பப் பெறப்பட்டன. அசல் அங்குலம் மறுபடியும் அரியணை ஏறியது.

அக்கா முந்தின நாள் இருபத்துநாலாகப் படுத்தாள். காலையில் முப்பதாக எழுந்தாள். நடுவில் அவள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அக்கா நகரப் பேருந்தில் கண்டக்டர். ஐம்பதை நெருங்குகிறவள். டிரைவருக்கும் டிப்போவுக்கும் பயணிகளுக்கும் அவள் அக்காதான். பல் போன கிழவர்கள்கூட, "அக்கா, மார்க்கெட் வந்தா சொல்லுங்க" என்பார்கள். அவளும் சொல்வாள். குரல் அப்படி. கடைசி சீட்டில் குறட்டை விடுகிறவன்கூடத் தன் நிறுத்தத்துக்கு முன்னாலேயே எழுந்து நின்றுவிடுவான். கணவர் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது. அவளுக்கு மிச்சம் இருந்தது அம்மா ஒருத்தி. அந்த அம்மா குடலில் வந்த நோயோடு போக்குவரத்து ஊழியர் மருத்துவமனையில், ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தாள். மகள் வேலையில் இருக்கும் வரைக்கும்தான் அந்தக் கட்டில் அம்மாவுக்கு. வெளியே வேறெங்கும் அவளை வைத்துப் பார்க்க வழியில்லை. அக்காவின் வாழ்க்கை இப்போது அந்தக் கட்டிலின் நான்கு கால்களில்தான் நின்றுகொண்டிருந்தது.

புதுக் கோட்டுகள் டிப்போவுக்கு வந்தன. மூன்று அளவு. இருபத்துநாலுக்கு 'நேர்' என்று பெயர். அதைவிட ஓர் அங்குலம் கூடினால் 'வழுவல்'. இரண்டு கூடினால் 'பெருவழுவல்'. அதற்கு மேலே கோட்டு கிடையாது, வாரியத்தின் அகராதியில் பெண்ணும் கிடையாது. 'அளவுக்கு அப்பாற்பட்டவர்' என்று ஒரு சொல் மட்டும் இருந்தது.

அக்காவின் கூட்டாளி ஒருத்தி, அவளும் கண்டக்டர், பெயர் ஊசி. வேலையில் சேர்ந்த நாளில் ஊசி மாதிரி இருந்ததால் வந்த பெயர். வாரியத்தின் எண்ணைப் போல அதுவும் மாறாமல் நின்றுவிட்டது. ஊசி பெருவழுவலை எடுத்து மாட்டினாள். கை நுழைந்தது, தோள் உட்கார்ந்தது. முன்பக்கத்து இரண்டு பாதிகளும், பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன.

டிப்போ மேலாளர் கெட்டவர் இல்லை. மாதக் கடைசியில் வாரியத்தின் சோதனை இருக்கிறது, அன்றைக்குப் பொத்தான் போடாதவர்கள் வேலைக்கு வர வேண்டியதில்லை என்பதை அவர் தரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். கோட்டைக் கொஞ்சம் பெரிதாகத் தைக்கக் கூடாதா என்று அக்கா கேட்டாள்.

"கோட்டு சரியாத்தான் இருக்கு. வாரியத்துல பாத்து அனுப்பிட்டாங்க" என்றார் அவர். "நீங்கதான் சரியில்ல."

ஆண்களின் கோட்டுகளும் அதே வண்டியில்தான் வந்தன. ஆண்களுக்கு அளவு வாரியம் கிடையாது. ஆளைப் பார்த்துத் தைப்பார்கள்.

அக்கா வாரியத்துக்கே நேரில் போனாள். பெரிய கூடம், பளபளவென்று தரை, நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் மரத்தில் செய்த பெண்ணுருவம் நின்றது. மூல உருவம் என்று அதைச் சொன்னார்கள். கழுத்துக்கு மேலேயும் இடுப்புக்குக் கீழேயும் ஒன்றும் இல்லை, கைகளும் இல்லை. வாரியத்துக்கு அவை தேவைப்படவில்லை. பக்கத்தில் ஒரு காவலாளி, உருவம் ஓடிவிடுமோ என்பது போல விறைப்பாக நின்றார். கூடத்துக்குள் வருகிறவர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

தலைவர் அன்போடுதான் பேசினார். உட்காரச் சொன்னார். அவருடைய கோட்டின் பொத்தான்கள் திறந்தே இருந்தன.

"அம்மா, ஒண்ணு நல்லாப் புரிஞ்சுக்கணும் நீங்க" என்று ஆரம்பித்தார். "நாங்க பொம்பளைங்கள அளக்குறோம்னு வெளிய தப்பாப் பேசுறாங்க. அப்படி இல்ல. அளவுதான் முதல்ல. பொம்பளைங்க அப்புறம் வந்தவங்க. படியில தானியம் அளக்குறோம். தானியம் கூடிப்போச்சுன்னு படிய யாராவது பெருசாக்குவாங்களா? மேல நிக்கிறத வழிச்சுத்தான் விடுவோம். உங்ககிட்ட கூடுதலா இருக்கிறத வழிச்சு விடுறதுக்குத்தான் இந்த வாரியமே. எங்களுக்கு உங்க மேல எவ்வளவு அக்கறை இருந்தா இதெல்லாம் செய்வோம், நீங்களே சொல்லுங்க."

அக்கா தன் அம்மாவைப் பற்றி, கட்டிலைப் பற்றிச் சொன்னாள். தலைவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். அவ்வளவு பொறுப்பு உள்ளவள் இடுப்பை இப்படி விட்டிருக்கக் கூடாது என்றார்.

எழுந்து போகும்போது அக்கா கண்ணாடிப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். உருவத்தின் இடது தோள் வலது தோளைவிடக் கொஞ்சம் இறங்கியிருந்தது. அந்தத் தோளை எங்கேயோ பார்த்திருக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. யார் சார் இது என்று கேட்டாள்.

"யாரும் இல்ல. அதுதான் அதோட பெருமை" என்றார் தலைவர்.

அதற்கப்புறம் மூச்சடக்கப் பயிற்சி ஆரம்பமானது. டிப்போவின் பழைய டயர் கிடங்கில், டியூட்டிக்கு முன்னால், எல்லாக் கண்டக்டர் பெண்களும் வரிசையாக நின்று வயிற்றை உள்ளே இழுத்துப் பிடிக்க வேண்டும். சொல்லிக்கொடுக்க வாரியத்திலிருந்து வந்தவருக்குத் தன் பெல்ட் கொக்கியைக் குனிந்து பார்த்தே பல வருடம் ஆகியிருக்கும். சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னார். மூச்சையும் குறைக்கச் சொன்னார். பழகிவிட்டால் இரண்டும் தேவைப்படாது என்றார்.

ஊசி அக்காவின் முதுகில் முழங்காலை ஊன்றி, கைகளை முன்பக்கம் வளைத்துப் பெருவழுவலுக்குப் பொத்தான் போட்டுவிட்டாள். அக்கா ஊசிக்குப் போட்டுவிட்டாள். இருவரும் ஆளுக்கொரு பேருந்தில் ஏறினார்கள். விபரீதம் அப்போதுதான் தெரிந்தது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிறுத்தத்தின் பெயரைச் சொல்ல முடியாது. அக்கா வாயைத் திறந்தாள், காற்று மட்டும் வந்தது. மார்க்கெட்டுக்குப் போக வேண்டியவர்கள் மயானத்தில் இறங்கினார்கள். பரீட்சை எழுதப் போன ஒரு பெண் படகுத்துறையில் இறங்கி அழுதாள். ஊசி நடுவழியில் மயங்கி ஒரு பயணியின் மடியில் விழுந்தாள், அவர் தன் நிறுத்தம் வந்ததும் அவளை அடுத்தவர் மடிக்கு மாற்றிவிட்டு இறங்கிப் போனார்.

பேருந்துகளில் கூச்சல் குறைந்துவிட்டதாகவும், அளவைப் பேணுவதில் இப்படியொரு கூடுதல் நன்மை இருப்பதைத் தாமே எதிர்பார்க்கவில்லை என்றும் தலைவர் ஒரு கூட்டத்தில் பேசினார். கைதட்டினார்களாம்.

மத்தியானத்தில் இரண்டு நடைக்கு நடுவே அக்கா மருத்துவமனைக்கு ஓடுவாள். அம்மாவுக்குக் கஞ்சி ஊட்ட வேண்டும். அம்மா எலும்பும் தோலுமாகிவிட்டிருந்தாலும் அந்த வாரம் கொஞ்சம் தேறியிருந்தாள். கஞ்சியில் பால் கலந்து கொடுத்தால் வயிறு ஏற்றுக்கொண்டது. இன்னும் ரெண்டு வாய் வை என்று கேட்கக்கூடச் செய்தாள். அந்த ரெண்டு வாய்க்காகவே அக்கா நாள் முழுதும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று சொல்லலாம்.

"ஏண்டி இப்படி மூச்சு வாங்குற?" என்று அன்றைக்கு அம்மா கேட்டாள்.

அக்கா கோட்டின் பொத்தானை அவிழ்த்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். நாடாவை, படியை, தலையில்லாத பொம்மையைப் பற்றிச் சொன்னாள். அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் முகத்தை மகள் பக்கம் திருப்பினாள்.

"அந்தப் பொம்மைக்கு எடது தோள் கொஞ்சம் எறங்கி இருக்குமா?"

அக்காவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"அது நான்தாண்டி" என்றாள் அம்மா.

பத்தொன்பது வயதில் அம்மா நூற்பாலையில் கூடை சுமந்துகொண்டிருந்தாள். இடது தோள் இறங்கியது அதனால்தான். ஊரெல்லாம் பஞ்சம். அந்தச் சமயத்தில் பொதுக் கூடம் ஒன்றில் பெண்களை அளக்கிறார்கள், வருகிறவர்களுக்கு டீயும் பன்னும் உண்டு என்று ஆலை வாசலில் சொன்னார்கள். அம்மா போனாள். டீக்கும் பன்னுக்கும் ஆசைப்பட்டு நூறு பேர் வரிசையில் நின்றார்கள். அளந்து முடித்த பிறகுதான் பன்.

"முந்தின நாளெல்லாம் நான் ஒண்ணும் சாப்பிடல. இருந்தத தம்பி தங்கச்சிங்களுக்குக் குடுத்துட்டேன்" என்றாள் அம்மா. "என் முறை வந்துச்சு. நாடாவச் சுத்தினவரு, மூச்சு விடாதன்னாரு. நானும் புடிச்சுக்கிட்டு நின்னேன். அவரு பாத்துட்டு ஓடிப்போயி பெரியவரக் கூட்டிட்டு வந்தாரு. அந்தப் பெரியவரு என்னையவா பாத்தாரு, நாடாவப் பாத்தாரு. இதுதான்யா இடுப்புன்னு கையத் தட்டுனாரு. எல்லாரும் தட்டுனாங்க. மூச்ச விடுன்னு மட்டும் ஒருத்தரும் சொல்லல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ரெண்டு பன் குடுத்தாங்க. தின்னேன். அப்பவே அந்த அளவு போயிருக்கும்."

இத்தனை வருடத்தில் இதை ஏன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்று மகள் கேட்டாள்.

அம்மா அவளை விசித்திரமாகப் பார்த்தாள். "மூச்சு விடாதன்னு சொன்னாரே. கவர்மென்ட் ஆளு. ஏதோ ரகசியம், யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நெனச்சுக்கிட்டேன். உங்க அப்பாகிட்டகூட நான் சொல்லல. நீயும் மூச்சு விட்டுறாத."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்தது. நாடாவைப் பிடித்த ஒருவன் வயிற்றை இழுத்துப் பிடிக்கச் சொன்னதை, பசித்த பெண் ஒருத்தி அறுபது வருடம் வாய் திறக்காமல் காப்பாற்றியிருக்கிறாள். அந்தப் பசியின் அளவுக்குத்தான் இன்றைக்கு நாட்டில் எல்லாருக்கும் கோட்டு தைக்கிறார்கள். இதைச் சொன்னால் எந்த மனுஷனுக்கும் புரியும் என்று அக்கா நினைத்தாள். அந்த இடத்தில்தான் அவள் கணக்குத் தப்பியது. அவள் மனுஷனைப் பற்றி நினைத்தாள், போனது வாரியத்துக்கு.

மறுநாள் தலைவரின் எதிரில் நின்று, அந்தப் பொம்மை யாரும் இல்லை என்பது தவறு, அது தன் அம்மா, பட்டினி கிடந்த வயிறு, பிடித்து வைத்த மூச்சு என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். தலைவரின் கண்கள் நிறைந்தன. எழுந்து வந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"உயிரோட இருக்காங்களா?" என்றார். "இப்ப என்ன அளவுல இருக்காங்க?"

மூல உருவத்தின் மரம் அறுபது மழைக்காலத்தில் ஊறி ஊறிக் கால் அங்குலம் உப்பிவிட்டதாம். வாரியம் இதை வெளியே சொல்ல முடியாமல் புழுங்கிக்கொண்டிருந்ததாம். அசலே கிடைத்துவிட்டால் மறுபடி அளந்து புது உருவம் செய்துவிடலாம். பட்டினி, மூச்சு என்று அவள் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. ஏறியிருந்தாலும் அளவெடுக்கும் முறை பற்றிய குறிப்பாக ஏறியிருக்கும்.

அடுத்த நாள் பகலில் அவர்கள் வார்டுக்கு வந்தார்கள். தலைவர், நான்கைந்து அதிகாரிகள், வெல்வெட் பெட்டியில் அசல் நாடாவைச் சுமந்துகொண்டு ஓர் அளவர். அம்மாவை இரண்டு நர்ஸுகள் கட்டிலிலிருந்து எழுப்பி நிறுத்திப் பிடித்துக்கொண்டார்கள். நர்ஸுகளும் அதே கோட்டில்தான் இருந்தார்கள், அவர்களுக்கே யாராவது பிடிக்க வேண்டும் போலிருந்தது.

அளவர் நாடாவைச் சுற்றினார். "மூச்சு விடாதீங்கம்மா" என்றார்.

அம்மா மகளைப் பார்த்தாள். பிறகு சொன்னபடியே பிடித்தாள்.

இருபத்திரண்டு.

அளவர் மறுபடி பார்த்தார், இருபத்திரண்டுதான். அதிகாரிகளின் முகங்களில் விளக்கு எரிந்தது. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அங்கேயே பேச ஆரம்பித்துவிட்டார். "நாட்டுல அத்தனை பொம்பளைங்களும் மேல மேல போய்க்கிட்டிருந்தப்ப, இந்தத் தாய் ஒருத்தர் மட்டும் ரெண்டு அங்குலம் கீழ வந்திருக்காங்க. யாரும் சொல்லாமலே வந்திருக்காங்க. எந்தப் பயிற்சியும் இல்ல. முடியல முடியலன்னு சொல்றவங்க இங்க வந்து பாக்கட்டும். முடியும். இதோ கண்ணு முன்னால நிக்கிறாங்க."

பேச்சு நீண்டது. அம்மாவின் உதடு நீலம் பாரித்தது. நாடா இன்னும் இடுப்பில்தான் இருந்தது. விடச் சொல்லுங்கள் என்று அக்கா அளவரின் கோட்டைப் பிடித்து இழுத்தாள். தலைவர் முடிக்கவில்லையே என்றார் அவர். அக்கா குறுக்கே புகுந்து அம்மாவின் முகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, விடும்மா. மூச்ச விடு."

அம்மா விட்டாள். நாடா தளர்ந்தது. நர்ஸுகளின் கைகளில் சரிந்து உட்கார்ந்து, கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, மகளைப் பார்த்துச் சிரித்தாள்.

"இதச் சொல்ல அன்னிக்கு ஒருத்தர் இல்ல பாரு" என்றாள்.

வாரியம் நன்றி மறக்கவில்லை. அந்தக் கட்டில் இனி எந்த நிபந்தனையும் இல்லாமல் அம்மாவுக்கே என்று உத்தரவு வந்தது. தனி அறை, புதுத் திரைச்சீலை, வாசலில் ஒரு காவலாளி. மூல அளவின் மகள் என்பதால் அக்காவுக்குச் சோதனையிலிருந்து விலக்கு. அவள் எதற்காகப் போனாளோ அது முழுதாகக் கிடைத்தது. மற்றவர்களுக்கு நேர் என்பது இனிமேல் இருபத்திரண்டு. ஊசி அந்த மாதமே அளவுக்கு அப்பாற்பட்டவள் ஆனாள். போகும்போது கோட்டைக் கழற்றி மடித்து அக்காவிடம் கொடுத்துவிட்டு ஆழமாக ஒரு மூச்சு விட்டாள்.

கூடவே இன்னொரு உத்தரவும் வந்திருந்தது. புது உருவத்தைச் செதுக்கி முடித்துச் சரிபார்க்கும் வரை, மூல அளவு மாறிப்போகும்படியான உணவு எதையும் நோயாளிக்குக் கொடுக்கலாகாது.

பால் நின்றது. கஞ்சி நீர்த்துக்கொண்டே போய், கடைசியில் வெந்நீர் மாதிரி வந்தது. அக்கா டாக்டரிடம் மன்றாடினாள். அவர் நல்லவர், அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. இது மருத்துவத்தில் வராது, அளவில் வருகிறது என்றார். அக்கா தலைவரைப் பார்க்கப் போனாள், அவர் தச்சர்களோடு இருந்தார். நல்ல மரம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு விளக்கினார்.

அவள் கண்டக்டர் பைக்குள் பன் ஒன்றை ஒளித்துக்கொண்டு போக ஆரம்பித்தாள். வாசலில் இருந்த காவலாளி பையைப் பார்ப்பார், பார்க்காத மாதிரி இருந்துவிடுவார். பன்னைப் பிய்த்து டீயில் நனைத்து ஊட்டுவாள். முதலில் பாதி பன் போனது. பிறகு கால். பட்டினி போட்ட குடலுக்கு அப்புறம் அதுவும் இறங்கவில்லை.

"அன்னிக்கு ரெண்டு தின்னேன்" என்றாள் அம்மா. வாயில் போட்டதை மெல்ல முடியாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். மகள் விரலை விட்டு அதை எடுத்தாள்.

இரண்டொரு நாளில் அம்மா போய்விட்டாள். மகள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு மூச்சை விட்டவள் அடுத்ததை இழுக்கவில்லை. நோய்தான் காரணம் என்றார் டாக்டர். இருக்கலாம். நான் டாக்டர் இல்லை. அந்த அம்மாள் இரண்டு வாய் கூடக் கேட்ட வாரத்தைப் பற்றி மட்டும் எனக்குத் தெரியும்.

வாரியம் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது. வருத்தத்திலும் ஓர் ஆறுதல் இருப்பதைச் சுட்டிக்காட்டியது. இனி அந்த அளவு மாறவே மாறாது.

புது உருவத்தின் திறப்பு விழாவுக்கு எல்லாத் துறையிலிருந்தும் பெண்களை வரவழைத்திருந்தார்கள். புது அளவுக் கோட்டுகளில், ஒருத்தி முதுகில் ஒருத்தி முழங்காலை ஊன்றிப் போட்ட பொத்தான்களோடு, கூடம் நிறைய நின்றார்கள். முகமெல்லாம் சிவந்திருந்தது. உட்கார நாற்காலி போடவில்லை, உட்கார்ந்தால் தெறித்துவிடும். திரையை இழுக்கிற வரையில் யாரும் மூச்சு விடக்கூடாது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அக்காவை முன்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். அவள் பழைய கோட்டையே போட்டு, பொத்தான்களைத் திறந்துவிட்டிருந்தாள். அவளுக்குத்தான் விலக்கு இருக்கிறதே.

திரை விலகியது.

தச்சர்கள் கைகாரர்கள். விலா எலும்புகூட ஒவ்வொன்றாகத் தெரிந்தது. இடது தோள் இறங்கியிருந்தது. வயிறு உள்வாங்கி, மார்பு தூக்கி, இழுத்துப் பிடித்த மூச்சோடு கண்ணாடிக்குள் நின்றது. தலை இல்லை, கை இல்லை. ஆனாலும் அம்மாவைத் தெரியாமல் போகுமா?

தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். என்றென்றைக்கும் இப்படியே நிற்கப்போகிற இந்தத் தாய் என்று ஆரம்பித்தார்.

அக்கா கண்ணாடியின் அருகில் போனாள். காவலாளி தடுக்கவில்லை, இவர்தான் அம்மாவின் அறை வாசலில் இருந்தவர். அவள் மெல்லத்தான் சொல்ல நினைத்தாள். முப்பது வருடம் பேருந்தில் நிறுத்தங்களைக் கூவிப் பழகிய தொண்டைக்கு மெல்லச் சொல்லத் தெரியவில்லை.

"மூச்ச விடும்மா."

கூடம் முழுக்க அது கேட்டது. உத்தரவு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் மூச்சை விட்டார்கள். பெருங்காற்று ஒன்று அடித்த மாதிரி இருந்தது. பொத்தான்கள் தெறித்தன. பளபளப்பான தரையில் அவை நாலா திசையிலும் உருண்டு ஓடின, சில தலைவரின் காலடி வரைக்கும் போய் நின்றன. யாரோ ஒருத்தி சிரித்தாள். யாரோ தேம்பினாள்.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு இன்னொரு முறை சொன்னாள், இந்த முறை குரல் எழும்பவில்லை. கூடத்தில் எல்லாரும் விட்டுவிட்டார்கள். அம்மா மட்டும் விடவில்லை.